தெற்கே தலை வைத்த குழி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. உபதேசியார் வேலைக்கு வந்த பிறகுதான் வேதத்தை ஒழுங்காக வாசிக்கப் பழகினேன். இப்போது வேலையை விட்டாயிற்று. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஜெபக்கூட்டம் நடத்துவது, பிள்ளைகளை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வது, இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. ஒரு அடக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் செய்வது சுலபம். ஈஸ்டர் அன்று காலையில் யாராலும் முடியும். இந்த உடம்பு பலவீனமாய் மண்ணுக்குள் போகும், மகிமையாய் வெளியே வரும் என்று சொன்னால் கோயிலில் இருக்கிற எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். குழிக்கு முன்னால் நிற்கிறபோது யாரும் தலையை ஆட்டமாட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு உபதேசியார் இருந்தார். நல்ல குரல். எந்த அடக்கத்துக்குப் போனாலும் கவ்வாத்தைச் சொல்லுவார். கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியைப் பாருங்கள், கட்டையாய் நிற்கிறது, செத்துப்போன மாதிரி இருக்கிறது, கொஞ்ச நாளில் துளிர்க்கிறது, நம்முடைய சரீரமும் அப்படித்தான் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு தடவை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி நடுவில் கேட்டாள். "செடி நின்ன எடத்துலயே துளிர்க்குதுங்கய்யா. எம்புள்ள எப்பங்க தொட்டில்ல துளிர்க்கும்?" அவர் பாட்டை எடுக்கச் சொன்னார். நானும் அங்கே நின்றிருந்தேன். குழிக்குப் பக்கத்தில் உவமை சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்தது.

டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்றும் ஆகியிருந்தது. தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம். மற்றவர்கள் எல்லாம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். போதகர் ஐயா மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வருவார். இடையில் யாராவது செத்தால் அடக்கம் பண்ணுகிறது என் வேலை.

ஏசுதாஸ் என்று ஒருவன். கவ்வாத்துக்காரன். குட்டையான ஆள். எங்கேயும் பின்னால் நிற்கிறவன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கடைசி. அரிசி போடுகிற இடத்தில் கடைசி. கோயிலில் கதவுப் பக்கம். அவனுக்கு ஒரே கூட்டாளி கருப்பையா. கருப்பையா இந்து. அவனும் கவ்வாத்துக்காரன். இரண்டு பேரும் ஒரே நிரையில் வெட்டுவார்கள். ஒருவன் கத்தியை மற்றவன் தீட்டுவான்.

மழையில் வெட்டிவிட்டு வந்த ஏசுதாசுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. போய்விட்டான்.

தோட்டத்துத் தொரை அரை நாள்தான் லீவு கொடுத்தார். வேதக்கார ஆண்கள் கொஞ்சம் பேர். சிலர் பெட்டி செய்கிற இடத்தில் நின்றார்கள். சிலர் வெளித்தோட்டத்துச் சொந்தக்காரருக்குச் சொல்லப் போனார்கள். குழி வெட்ட ஆள் இல்லை. கருப்பையா தானே வந்து, "நான் வெட்டுறேங்கய்யா" என்றான். சரி என்றேன். மம்பட்டியையும் கல் பெயர்க்கிற அலவாங்கையும் தூக்கிக்கொண்டு தனியாகக் கல்லறை மேட்டுக்கு ஏறினான். நல்ல மழை. பனியும் மூடியிருந்தது. நான் கீழே, ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் இருந்துவிட்டேன்.

இதை மட்டும் வேலை முறையாகச் சொல்கிறேன். பெட்டி எடுக்குமுன் நீங்களே போய்க் குழியைப் பாருங்கள்.

நம் ஆட்களுடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். தலை மேற்கே, கால் கிழக்கே. ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார், எழுந்திருக்கிறவன் அவர் முகத்தைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் வைத்தது. இந்துக்கள் தலையைத் தெற்கே வைப்பார்கள். கருப்பையா வெட்டினது தெற்கு வடக்காக. இடம் புதிதாகத் துப்புரவு செய்த மூலை. பக்கத்துக் குழிகள் மழையில் கரைந்து மேடு தெரியாமல் இருந்தன. பார்த்து வெட்ட அவனுக்கு அடையாளம் ஒன்றும் இல்லை.

பெட்டியோடு நாங்கள் மேலே ஏறினபோது அவன் குழிக்குள் நின்று தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். நல்ல குழி. பக்கமெல்லாம் செதுக்கி வைத்தது போல இருந்தது. ஏசுதாசின் பெண்சாதி ஞானம்மாதான் முதலில் கண்டாள்.

"ஐயா, இது என்னங்கய்யா இப்படிக் கெடக்கு?"

அவள் குழியின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

"காலு கிழக்கால இல்லையே. அவரு எந்திரிக்கிறப்ப எங்கிட்டுப் பாப்பாரு?"

கருப்பையா குழிக்குள்ளிருந்து எங்களை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு இன்னும் புரியவில்லை.

அங்கே எங்கள் சபைப் பெரியவர் கணக்கப்பிள்ளை ஐயா இருந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு, குடை. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறவர் அவர்தான். கெட்டவர் இல்லை. ஆனால் வாய் முந்திவிடும்.

"ஏண்டா, யாரைக் கேட்டு இப்படி வெட்டின?"

"யாரையும் கேக்கலைங்க. எங்கப்பனுக்கு இப்படித்தான் வெட்டினேன். அந்த நெனப்புல கை அப்படியே போயிருச்சுங்க."

"ஒங்கப்பனும் இவரும் ஒண்ணாடா? இது வேதக்காரரு குழி."

கருப்பையா வாளியைக் கீழே வைத்தான்.

"நீ ஏறி அந்தாண்ட போ. நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க."

அவன் ஏறினான். மம்பட்டியை முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய் ஒரு டர்பன்டைன் மரத்தடியில் நின்றான். நம்ம ஆளுங்க என்றாரே, அவர்களில் ஒருவரும் குழிக்குள் இறங்கவில்லை. எல்லாரும் கோயில் உடுப்பில் இருந்தார்கள்.

திருப்பி வெட்டலாமா என்று நான் பார்த்தேன். முடியாது. மேல்பக்கம் ஒரு பழைய குழி. வெட்டினால் அது சரிந்து உள்ளே வரும். கீழ்ப்பக்கம் பாறை. ஒன்று, இப்படியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை லயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய், மறுநாள் வேறு இடத்தில் வெட்ட வேண்டும்.

"திருப்பிக் கொண்டு போங்க" என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. "நாளைக்குப் பாத்துக்கலாம். இப்படி வச்சா போதகர் ஐயாவுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்போது பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியிருந்த தச்சர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "உபதேசியாரே, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க. தேயிலைப் பெட்டிப் பலகை. மழையில ஊறிருச்சு. அடியில ஆணி புடிக்கல. எறக்கத்துல கொண்டுபோனா கையில நிக்காது."

குனிந்து பார்த்தேன். நடுப்பலகை தொய்ந்திருந்தது. கீழே லயத்துக்குப் போகிற பாதை முழுக்கக் கல்லும் சேறும். பாதி வழியில் பலகை விட்டால் என்ன ஆகும் என்று ஞானம்மாவிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கும் கண் இருந்தது.

ஆனால் அவள் விடவில்லை. அழவும் இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உசிரோட இருந்தப்ப எல்லா எடத்துலயும் பின்னாலயே நின்னாருங்கய்யா. அந்த ஒரு நாளாச்சும் முன்னால நிப்பாருன்னு இருந்தேன். அன்னைக்கும் எல்லாரும் ஆண்டவரைப் பாக்க, இவரு மட்டும் எங்கிட்டோ பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

தம்பிமாரே, மகிமை என்ற சொல்லை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். வெளிச்சம், வெள்ளை அங்கி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு மகிமை என்றால் அவள் புருஷன் ஒரு தடவை முன் வரிசையில் நிற்பது. அவள் தப்பாக விளங்கிக்கொண்டாள் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

வேதத்தில் திசை ஒன்றும் கட்டளை இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவள் வாயை அடைக்கலாம். வசனமும் கையில் இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெட்டி குழிக்குள் போயிருக்கும். அவள் மனசு மேலேயே நின்றிருக்கும்.

மழையில் மணி போய்க்கொண்டிருந்தது. நான் கோட்டைக் கழற்றித் தச்சரின் தோளில் போட்டேன். மிஷனில் கொடுத்த ஒரே கோட்டு.

"ஞானம்மா, நான் சொல்றதைக் கேளு. கூப்பிடுறவரு சத்தம் தெற்கே படுத்தவனுக்கும் கேக்கும், மேற்கே படுத்தவனுக்கும் கேக்கும். இதை நான் நம்புறேன். ஆனா இவன் ஒம் புருஷன். ஒனக்கு மனசு வரலைன்னா பெட்டியைத் திருப்புவோம். அடிப்பலகைக்கு என் ரெண்டு கையையும் குடுத்துக்கிட்டு நானே வர்றேன். நாளைக்கு நானே வெட்டுறேன். நீ சொல்லு."

"உபதேசியாரு குழி வெட்டுறதாவது" என்றார் கணக்கப்பிள்ளை ஐயா.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஞானம்மாவும் திரும்பவில்லை. அவள் மரத்தடியைப் பார்த்தாள். கருப்பையா அங்கேயே நின்றான். கம்பளிகூடப் போர்த்தவில்லை. எல்லாருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு.

"கருப்பையாண்ணே."

அவன் நிமிர்ந்தான்.

"அங்க ஏன் நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க."

அவன் கணக்கப்பிள்ளை ஐயாவைப் பார்த்தான். அவர் குடையை மாற்றிப் பிடித்தார். கருப்பையா வந்தான்.

ஞானம்மா என்னிடம் சொன்னாள். "வைங்கய்யா. எந்தப் பக்கம் எந்திரிச்சாலும் அவரு மொதல்ல திரும்பி இந்த அண்ணனைத்தான் தேடுவாரு. தேடிட்டு அப்புறம் ஆண்டவரைப் பாக்கட்டும். ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு."

இறக்கினோம். கயிற்றின் ஒரு நுனியைக் கருப்பையா பிடித்தான். பலகை தாங்கியது. உயிர்த்தெழுதல் பாட்டைப் பாடினோம். நான் ஜெபத்தை வாசித்தேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பிரசங்கம் செய்யவில்லை. அன்றைக்கான பிரசங்கத்தை அவள் முடித்துவிட்டாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அடக்கத்தை நடத்துகிறது பாதி வேலைதான். மீதிப் பாதி மறுநாள் பெரட்டில் இருக்கிறது.

மறுநாள் காலை விடியும்போது பெரட்டுக்களத்துக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். கணக்கப்பிள்ளை ஐயா பேர் கூப்பிட்டார். கவ்வாத்துக்காரர் எல்லாரையும் கவ்வாத்து மலைக்கே அனுப்பினார். கருப்பையா பேர் வந்ததும், "நீ ஓடைப் பள்ளத்துக்குப் போ. கான் வெட்டு" என்றார்.

ஓடைப் பள்ளம் தோட்டத்தின் கடைசி. வெயில் விழாது. மண் சரிகிற இடம், அட்டைக் காடு. கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அங்கே தனியாள் போவதில்லை. எல்லாருக்கும் தெரியும். கருப்பையா மம்பட்டியை எடுத்தான்.

கூட்டம் கலைந்ததும் நான் அவரிடம் போனேன்.

"ஐயா, நேத்துத்தானே குழிக்குப் பக்கத்துல நின்னு, எந்திரிக்கிறதைப் பத்திப் பாட்டுப் பாடினோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உபதேசியாரே, அது கோயிலு. இது பெரட்டு."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை நல்ல பதில் வரவில்லை. படித்தவர்கள் உங்களுக்கு வரலாம். என்னால் முடிந்தது ஒன்றுதான். ஸ்டோர் பக்கம் போய் ஒரு மம்பட்டி கேட்டு வாங்கிக்கொண்டு கருப்பையா பின்னால் நடந்தேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "எங்க வர்றீங்க?"

"கான் வெட்ட."

"ஒங்களுக்குச் சம்பளத்துக்கு யாரு பேர் போடுவா?"

"யாரும் போடமாட்டாங்க."

"அப்ப வெட்டிப் பொழைப்புத்தான்" என்று சொல்லிச் சிரித்தான். அந்த இரண்டு நாளில் அவன் சிரித்து நான் கண்டது அதுதான்.

வெட்டினோம். எனக்கு வேலை வராது. அவன் வெட்டினதை நான் அள்ளிப் போட்டேன். காலெல்லாம் அட்டை. மத்தியானம் வரைக்கும் வெட்டினோம். பிறகு மம்பட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"உபதேசியாரே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"தங்கச்சி நேத்து சொல்லிச்சே, ஏசுதாசு எந்திரிச்சு மொதல்ல என்னையத் தேடுவான்னு. நீங்க சொல்லுங்க. அவன் தேடுறப்ப நான் அங்க இருப்பேனா?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். யாராவது ஒரு கருப்பையா கேட்பான். அப்போது உங்கள் வாயில் இரண்டு பதில் தயாராக நிற்கும். ஒன்று, அவனைச் சபைக்குள் இழுக்கிற பதில். இன்னொன்று, அவன் மனசு குளிரச் சொல்கிற பதில். இரண்டும் எனக்கும் வந்தன. முதலாவதைச் சொன்னால், கூட்டாளி செத்த துக்கத்தில் இருக்கிறவனை வலை போட்டுப் பிடித்தது போலாகும். இரண்டாவதைச் சொன்னால், எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதாகும்.

"எனக்குத் தெரியாது, கருப்பையா" என்றேன்.

"நீங்களே தெரியாதுன்னா?"

"கூப்பிடுறது நான் இல்ல. ஆனா அங்க நான் நின்னா ஒம் பேரைச் சொல்லிக் கேப்பேன். ஏசுதாசும் கேப்பான். அது மட்டும் தெரியும்."

அவன் காலில் ஒரு அட்டையைப் பிடுங்கி எறிந்தான்.

"அங்கயும் நம்ம கணக்கப்பிள்ளைதான் பேர் கூப்பிடுவாருன்னா நான் வரலைங்க."

"அவரு கூப்பிடமாட்டாரு. அவரும் நம்மளோட வரிசையிலதான் நிப்பாரு."

"அப்பச் சரி" என்று மம்பட்டியை எடுத்தான்.

சாயந்தரம் இரண்டு பேரும் சேறும் ரத்தமுமாய் ஏறி வந்தோம். கணக்கப்பிள்ளை ஐயா கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். கருப்பையாவையும் பார்த்தார். மறுநாள் பெரட்டில் கருப்பையாவைக் கவ்வாத்துக்கு அனுப்பினார்.

ஆனாலும் குழி விஷயத்தைப் போதகர் ஐயாவிடம் சொல்லிவிட்டார். அவர் வந்தபோது என்னை நிறுத்திவைத்துக் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வேலை போகும் என்றுதான் இருந்தேன். அவர் மேட்டுக்கு ஏறிப்போய், குறுக்கே கிடந்த அந்தக் குழிக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணினார். வரும் வழியில், "அடுத்த தடவை குழியை முன்னாடியே போய்ப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் விடியற்காலையில் மேட்டில் ஆராதனை நடக்கும். சபை முழுதும் கிழக்கே பார்த்து நிற்கும். ஏசுதாசின் குழி மட்டும் குறுக்கே கிடக்கும். புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஞானம்மா சொல்லுவாள், "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஆளைத் தேடணும். அதுக்குத்தான்."

நான் வேலையை விடுகிற காலத்தில் ஞானம்மாவும் போனாள். அப்போது தோட்டமெல்லாம் இந்தியாவுக்குப் போகிற பேச்சு. கருப்பையாவின் மகன்மாரும் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு நரை விழுந்திருந்தது. யாரும் கூப்பிடாமலே மம்பட்டியோடு வந்தான். இந்தத் தடவை நானும் கூடவே மேட்டுக்கு ஏறினேன். கணக்கப்பிள்ளை ஐயாவும் வந்தார். வேலை ஓய்ந்து, தடி ஊன்றி நடக்கிற காலம் அவருக்கு. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது.

கருப்பையா ஏசுதாசின் குழிப் பக்கத்தில் நின்றான். மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "இந்தத் தடவை கேட்டுட்டே வெட்டுறேன். எந்தப் பக்கம்?"

என்னிடம்தான் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் கணக்கப்பிள்ளை ஐயா தடியால் மண்ணில் கோடு இழுத்தார். தெற்கு வடக்காக.

"இங்க வெட்டு, கருப்பையா. அவரு பக்கத்துல, அவரு படுத்திருக்கிற மாதிரியே" என்றார். பிறகு தன் குடையை விரித்து, அவன் வெட்டி முடிக்கிறவரை அவன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நனைந்தார்.

பெரட்டில் அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பதிலை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

கருப்பையா பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டான். நானுஓயாவில் ரயில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு தகவல் இல்லை. இருக்கிறானோ, எந்த ஊர் மண்ணில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறானோ, தெரியாது. தினமும் ஜெபத்தில் அவன் பேரைச் சொல்கிறேன். சொல்லுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டயகமப் பக்கம் உங்களில் யாரையாவது போட்டால் அந்த மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். எல்லாக் குழியும் கிழக்கே பார்த்திருக்கும். இரண்டு மட்டும் குறுக்கே கிடக்கும். யாரும் திருத்த விடாதீர்கள்.